தூர அடிக்கிற பிள்ளையா, வேகமாக வீசுகிற பிள்ளையா? துடுப்பு வேகமும் அடிவலுவும்

அமெரிக்கப் பேஸ்போல் ஆட்டங்களின் துண்டுக் காணொளிகள் இப்போது வன்னியிலும் கைபேசி கைபேசியாகச் சுற்றுகின்றன. பந்து வேலியைத் தாண்டும்போது திரையின் ஓரத்தில் எண்கள் வரும்: துடுப்பின் வேகம், பந்து புறப்பட்ட வேகம், போய் விழுந்த தூரம். கடைசி இரண்டும் 2015 முதல் பழகிப்போனவை. முதலாவது புதிது. அமெரிக்காவின் முதல்தரப் பேஸ்போல் போட்டித்தொடரான மேஜர் லீக் ஒவ்வொரு வீரரின் துடுப்பு வேகத்தையும் பொதுவில் வெளியிடத் தொடங்கியது 2024 மே மாதத்தில்தான். அதற்குப் பிறகு "வலு இருக்கிறது, துடுப்பு வேகம் போதாது" என்ற பேச்சு வர்ணனையாளர்களிடமிருந்து பயிற்றுநர்களிடம் இறங்கி, பிள்ளைகள் வாயிலும் வந்துவிட்டது.

கேட்பவருக்குக் குழப்பம்தான். தூர அடித்தவனின் துடுப்பு வேகமாகத்தானே வந்திருக்கும்? இரண்டும் ஒன்றில்லையா? இது வெறும் அமெரிக்க விவகாரமும் அல்ல. மல்லாவியிலோ முள்ளியவளையிலோ ஓர் உடற்கல்வி ஆசிரியர் 14 வயதுப் பெடியன்களை வரிசையில் நிறுத்தி எல்லே அணிக்கோ கடினப்பந்து அணிக்கோ ஆள் தெரிகிறார் என்றால், அவர் எதைப் பார்ப்பது?

பதிலை முதலே சொல்லிவிடலாம். இரண்டும் உறவுக்காரர், ஆனால் ஒருவர் அல்ல. வளர்ந்து முடிந்த வீரரிடம் இரண்டையும் பார்க்கலாம். 13, 14 வயதில் தூரத்தை மட்டும் பார்த்தால், யார் முதலில் வளர்ந்தார்கள் என்பதைத்தான் பெரும்பாலும் அளந்துகொண்டிருப்போம். ஏன் என்று விளங்கக் கொஞ்சம் பௌதிகவியல் வேண்டும், கொஞ்சம் பிள்ளை வளர்ச்சி பற்றியும் தெரிய வேண்டும்.

முதலில் சொற்கள்

1. துடுப்பு வேகம்: பந்தில் படும் கணத்தில் துடுப்பின் நன்றாகப் படும் பகுதி எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பது. நுனியில் அளந்தால் எண் கூடும், கைப்பிடிப் பக்கம் அளந்தால் குறையும். அதனால் மேஜர் லீக்கில் நுனியிலிருந்து ஆறு அங்குலம் உள்ளே, ஒரே இடத்தில் அளக்கிறார்கள். அங்கே சராசரி மணிக்கு ஏறத்தாழ 116 கிலோமீற்றர். 121-ஐத் தாண்டினால் வேகமான வீச்சு என்று தனியாகக் குறிக்கிறார்கள்.

2. வீச்சு நேரம்: துடுப்பு முன்னே வரத் தொடங்கியதிலிருந்து பந்தில் படும்வரை எடுக்கும் நேரம். துடுப்பு வேகமும் இதுவும் ஒன்றென்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நீண்ட வட்டம் போட்டு வரும் துடுப்பு படும் கணத்தில் மிக வேகமாக இருக்கலாம், ஆனால் வந்து சேர நேரம் எடுக்கும்.

3. புறப்படு வேகம்: அடிபட்ட பந்து துடுப்பைவிட்டுக் கிளம்பும் வேகம்.

4. அடிவலு: தோதான பந்து, அவசரம் இல்லை, முழு மூச்சோடு அடி என்றால் எவ்வளவு தூரம் போகும் என்பது. ஆட்டத்துக்கு முன் நடக்கும் அடிப் பயிற்சியில் இதைத்தான் பார்க்கிறார்கள்.

5. ஆட்டவலு: அதே ஆள், தன்னை வெளியேற்ற நினைக்கும் எறிவாளருக்கு எதிராக எவ்வளவு அடிக்கிறார் என்பது.

அமெரிக்காவில் இளைஞர்களைத் தேடித் திரியும் தெரிவாளர்கள் 20 முதல் 80 வரை புள்ளி போடுவார்கள். 50 என்பது மேஜர் லீக் சராசரி. அடிவலுவுக்கு ஒரு புள்ளி, ஆட்டவலுவுக்கு வேறொரு புள்ளி. அடிவலுவில் 70 எடுத்து ஆட்டவலுவில் 40-இலேயே நின்றுபோன இளைஞர்கள் அவர்களுடைய குறிப்பேடுகளில் ஏராளம்.

மோதும் கணத்தில் நடப்பது

கடினமான பேஸ்போல் பந்தும் மரத் துடுப்பும் நேராக மோதும்போது புறப்படு வேகத்தை ஒரு எளிய கணக்கில் அடக்கலாம். இலினோய் பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் அலன் நாதன் பல காலமாக விளக்கிவரும் கணக்கு இது:

புறப்படு வேகம் = துடுப்பு வேகத்தின் 1.2 மடங்கு + வரும் பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு.

துடுப்பு 115, துடுப்புக்கு வந்து சேரும்போது பந்து 140 என்று வைப்போம். 138 கூட்டல் 28, மொத்தம் 166. பந்தை இன்னும் 10 கிலோமீற்றர் வேகமாக எறிந்தால் புறப்படு வேகம் 2 மட்டுமே கூடும். துடுப்பை 10 கிலோமீற்றர் வேகமாகக் கொண்டுவந்தால் 12 கூடும். ஆறு மடங்கு வித்தியாசம். "வேகமான பந்தைத் தொட்டாலே போதும், தானாகப் பறக்கும்" என்ற மைதானத்துப் பேச்சில் உண்மை கொஞ்சம்தான். சரியான கோணத்தில் எழும் அடியில், துடுப்பு வேகம் மணிக்கு ஒரு கிலோமீற்றர் கூடினால் பந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் கூடத் தள்ளி விழும்.

அப்படியானால் வலு எங்கே போனது? அது துடுப்பு வேகத்துக்குள்ளேயே இருக்கிறது. மோதல் ஆயிரத்தில் ஒரு செக்கன் அளவுதான். அந்தக் கணத்தில் தசையை முறுக்கிப் பந்தைத் தள்ள யாராலும் முடியாது. உடம்பு செய்யக்கூடிய வேலை எல்லாம் அதற்கு முன்னரே முடிந்துவிடும்: காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அதன்பின் நெஞ்சு, தோள், கை, மணிக்கட்டு என்று வேகத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துவது. காய்ந்த பாலைக் கட்டையைக் கோடாலியால் பிளக்கும் ஆளைப் பார்த்தால் இது விளங்கும். புதியவன் கையால் அமுக்குவான். பழகியவன் கோடாலித் தலையை வேகமெடுக்க விடுவான். பிறகு கட்டை தானாகப் பிளக்கும்.

ஆக, வலு என்பது எரிபொருள் மாதிரி ஒரு இருப்பு. அதில் எவ்வளவு வேகமாக மாறியது என்பதைத் துடுப்பு வேகம் காட்டுகிறது. இருப்புக் குறைந்த பிள்ளை நன்றாக மாற்றலாம். இருப்பு நிறைந்த பிள்ளை பாதியை வழியிலேயே சிந்திவிடலாம்.

0.4 செக்கனுக்குள்

பேஸ்போலில் எறிவாளர் நிற்கும் இடத்துக்கும் அடிப்பவருக்கும் இடைத்தூரம் 18.44 மீற்றர். அவர் எட்டு வைத்து எறிவதால் பந்து கையைவிட்டு வந்தபின் மீதி இருப்பது 17 மீற்றருக்கும் குறைவு. மணிக்கு 150 கிலோமீற்றரில் வரும் பந்து அதைக் கடக்க எடுப்பது ஏறத்தாழ 0.4 செக்கன். அதில் துடுப்பு வர மட்டும் 0.15 செக்கன் போய்விடும். பந்தைப் பார்த்து, எங்கே வருகிறது என்று கணித்து, அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்க மிஞ்சுவது கால் செக்கன்.

இரண்டு பேரை ஒப்பிடுவோம். ஒருவருக்கு வீச்சு நேரம் 0.15, மற்றவருக்கு 0.18. வித்தியாசம் 0.03 செக்கன். அந்த நேரத்தில் பந்து ஏறத்தாழ 1.2 மீற்றர் வந்துவிடும். முதலாமவர் பந்தை அந்த 1.2 மீற்றரும் கூடப் பார்த்தபின் முடிவெடுக்கலாம். வளைந்து விழும் பந்து வளையத் தொடங்குவது பெரும்பாலும் அந்தக் கடைசித் துண்டில்தான் கண்ணுக்குப் படும். மெதுவான பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்புகிற ஒருவர் ஆட்டத்தில் காற்றை அடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இதுதான். அவருக்கு வலுவில் குறையில்லை. சீக்கிரமே முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது, அந்த முடிவு தவறிப்போகிறது.

எல்லேயில் ஏன் வலு வெல்கிறது

வன்னிப் பாடசாலைகளில் பொல்லும் பந்தும் என்றால் முதலில் எல்லே. ரெனிஸ் பந்து, மூங்கில் பொல்லு. அடிப்பதற்காகவே மெல்ல எழுப்பிப் போடப்படும் பந்தை அடிக்க மூன்று வாய்ப்பு. அடித்தபின் 55 மீற்றர் இடைவெளியில் நிற்கும் இலக்குகளைச் சுற்றி ஓட வேண்டும்.

இந்த ஆட்டத்தில் நேர நெருக்கடி கிட்டத்தட்ட இல்லை. பொல்லை முதுகுக்குப் பின்னால் எவ்வளவு தூரம் கொண்டுபோனாலும் பந்து காத்திருக்கும். நீண்ட வீச்சுக்குத் தண்டனை கிடையாது. ஆகவே எல்லேயில் அடிவலுவும் ஆட்டவலுவும் ஏறத்தாழ ஒன்றே. துணுக்காய் வலயப் போட்டியிலோ மடு வலயப் போட்டியிலோ எல்லாரையும்விடத் தூர அடிக்கிற பிள்ளையை எல்லே அணியில் சேர்ப்பது முழுக்கச் சரி. அந்த ஆட்டம் கேட்பதைத்தான் அவர் கொடுக்கிறார்.

சிக்கல் வருவது அந்த அளவுகோலையே கடினப்பந்துக்கும் பேஸ்போலுக்கும் தூக்கிக்கொண்டு போகும்போது. மென்பந்து கிரிக்கெட்டிலும் இதே கதைதான். பந்து இலேசு, வேகம் குறைவு, பல இடங்களில் எல்லைக்கோடும் கிட்ட. தோள் அகன்ற பெடியன் குருட்டாம்போக்கில் தூக்கி அடித்தாலும் ஆறு ஓட்டம். கடினப்பந்துக்குப் போன முதல் பருவத்தில் அவன் ஏன் திணறுகிறான் என்று ஊரே கேட்கும்.

மறுபக்கமும் உண்டு. கிரிக்கெட் துடுப்பாட்டத்தில் நேரான துடுப்பு, தற்காப்பு என்று பழகிய பிள்ளைக்கு இடுப்பை முழுதாகத் திருப்பிச் சுழற்ற வராது. எல்லே அடித்து வளர்ந்த பிள்ளைக்கு அது இயல்பாகவே இருக்கும். தியகமவில் ஜப்பானிய உதவியோடு அமைந்த பேஸ்போல் மைதானம் இருக்கிறது, 2028 லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டும் பேஸ்போலும் இரண்டுமே இருக்கின்றன. பேஸ்போலுக்கு வன்னியிலிருந்து ஆள் தேடுபவர் கிரிக்கெட் அணிகளுக்கு முன் எல்லே அணிகளைப் போய்ப் பார்ப்பதே கெட்டித்தனம் என்பது என் எண்ணம். முழுச் சுழற்சி ஏற்கனவே இருக்கிறது, வட்டத்தைச் சுருக்கப் பழக்கினால் போதும்.

வேகமும் தனியாகக் கரைசேர்க்காது

துடுப்பு வேகத்தைத் தூக்கிப் பேசுகிறவர்கள் தவறவிடும் சில ஆட்கள் இருக்கிறார்கள்.

ஜியான்கார்லோ ஸ்டான்டனின் சராசரித் துடுப்பு வேகம் மணிக்கு 130 கிலோமீற்றர் அளவு, மேஜர் லீக்கின் உச்சத்தில். அடிமட்டத்தில் இருப்பவர் லூயிஸ் அராயஸ், ஏறத்தாழ 100. ஆனால் 2022, 2023, 2024 என்று மூன்று ஆண்டும் தொடர்ந்து, மூன்று வேறு அணிகளுக்கு ஆடி, தன் லீக்கின் (மேஜர் லீக்குக்குள் இரண்டு லீக்குகள் உண்டு) சிறந்த அடிச் சராசரிக்கான பட்டத்தை வென்றவர் அராயஸ். பேஸ்போலில் அடிச் சராசரி என்பது அடிக்க நின்ற தடவைகளில் எத்தனை பங்கு வெற்றியான அடி என்பது. அவருடைய வீச்சு குட்டையானது. துடுப்பு பயணிக்கும் பாதை ஏறத்தாழ 1.8 மீற்றர், மற்றவர்களுக்குச் சராசரி 2.2 மீற்றருக்கு மேல். அவர் தூர அடிப்பதில்லை, தவறவிடுவதும் இல்லை. 14 வயதில் துடுப்பு வேகத்தை மட்டும் அளந்திருந்தால் அவரை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

எதிர்த் துருவத்தில் ஒனீல் குரூஸ். உயரம் இரண்டு மீற்றர். 2025 மே மாதம் அவர் அடித்த பந்து மணிக்கு 122.9 மைல், அதாவது 198 கிலோமீற்றர் வேகத்தில் புறப்பட்டது. அளக்கத் தொடங்கிய 2015-க்குப் பின் பதிவான வேகங்களில் அதுவே அதிகம். அந்தப் பருவம் முழுவதற்கும் அவருடைய அடிச் சராசரி .200, அதாவது ஐந்து தடவையில் ஒன்று. வலுவும் உண்டு, துடுப்பு வேகமும் உண்டு. பந்தில் படுவதுதான் பிரச்சினை.

ஹோசே அல்துவேயின் கதை வேறு. உயரம் 1.68 மீற்றர், கிளிநொச்சிச் சந்தையில் நின்றால் கூட்டத்தோடு கூட்டமாகப் போய்விடுவார். துடுப்பு வேகமும் சராசரிக்குக் கீழே. ஆனாலும் 2017-இல் அமெரிக்கன் லீக்கின் மிகப் பெறுமதிமிக்க வீரர், 2019-இல் 31 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி). இரகசியம் இடத்தில் இருக்கிறது. அவர் நீண்ட காலமாக ஆடிவரும் ஹியூஸ்ரன் மைதானத்தின் இடது ஓர வேலி 96 மீற்றரில் நிற்கிறது. பந்தைக் கொஞ்சம் முன்னதாகவே சந்தித்து அந்தக் கிட்டிய வேலிப் பக்கம் தூக்கி அனுப்புவது அவருடைய வித்தை.

எண்களை எண்களாகவே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும். துடுப்பு வேகம் ஒரு பிள்ளையின் மேல் எல்லையைச் சொல்லும். அந்த எல்லையை அவர் எத்தனை தரம் தொடுவார் என்பதைப் பந்தில் படும் திறமை சொல்லும்.

வயது என்கிற கலப்படம்

இளம் பிள்ளைகளின் அளவீடுகளில் மிகப் பெரிய கலப்படம் வளர்ச்சிதான். ஆண் பிள்ளைகள் உயரத்தில் பாய்ந்து வளரும் காலம் சராசரியாக 13, 14 வயது. பெண் பிள்ளைகளுக்கு 11, 12. இது சராசரிதான். ஒரே வகுப்பில் முந்தி வளர்ந்தவருக்கும் பிந்தி வளர்பவருக்கும் இடையில் உடம்பளவில் இரண்டு வருடத்துக்கு மேலும் வித்தியாசம் இருக்கலாம். தசை வலு உயரத்துக்குச் சில மாதம் பிந்தித்தான் வரும். நெடுநெடுவென்று வளர்ந்துகொண்டிருக்கும் பெடியன் போன வருடம் அழகாக அடித்துவிட்டு இந்த வருடம் தடுமாறுவதும் இதனால்தான்: கைகால் நீண்டுவிட்டது, உடம்பு அதற்கு இன்னும் பழகவில்லை.

பிறந்த மாதமும் விளையாடும். வயதுப் பிரிவை எந்தத் திகதியில் வெட்டினாலும், அந்தத் திகதிக்குப் பின் உடனே பிறந்தவருக்கு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒரு வருடம் கூடக் கிடைக்கும். அமெரிக்கச் சிறுவர் பேஸ்போலில் நீண்ட காலம் வெட்டுத் திகதி ஜூலை 31. மேஜர் லீக்கில் ஆடிய அமெரிக்கர்களின் பிறந்த மாதங்களை எண்ணிப் பார்த்தபோது ஆகஸ்ட் மாதம் தெளிவாக முன்னே நின்றது. ஆகஸ்டில் பிறந்தவர்களுக்குப் பிறவிப் பலன் ஒன்றும் இல்லை. பத்து வயதில் கொஞ்சம் பெரியவர்களாக இருந்ததால் தெரிவானார்கள், தெரிவானதால் பயிற்சி கிடைத்தது.

முந்தி வளர்ந்ததன் பலன் முழுதாகப் போய்ச் சேர்வது அடிவலுவில்தான். தூரம் என்பது உடற்பாரம், தோளகலம், கைநீளம் எல்லாவற்றையும் அப்படியே காட்டிவிடும். துடுப்பு வேகமும் இதிலிருந்து தப்பாது, பெரிய உடம்பு வேகமாகவே வீசும். ஆனால் இடுப்பும் தோளும் கையும் எந்த ஒழுங்கில் திரும்புகின்றன என்பது உடம்பின் அளவைப் பொறுத்ததல்ல. சின்ன உடம்பில் அந்த ஒழுங்கு இருந்தால், 17 வயதில் வலு வரும்போது அது சேர்ந்துகொள்ள ஓர் இடம் இருக்கும். தன் உடம்புக்கு மீறின துடுப்பு வேகம் உள்ள சின்னப் பிள்ளையை விடாதே என்று தெரிவாளர்கள் சொல்வது இதனால்தான். நானும் அந்தக் கட்சிதான். ஆனால் பெரிய பிள்ளையை வலுவால் மட்டும் அடிக்கிறவன் என்று ஒதுக்குவதும் அநியாயம். அவனுக்கும் ஒழுங்கு வரலாம், நேரம் கொடுக்க வேண்டும்.

பெண்கள் அணி தெரிகிற ஆசிரியர்களுக்கு ஒரு சலுகை உண்டு. 14 வயதில் பெரும்பாலான பெண் பிள்ளைகள் பாய்ச்சல் வளர்ச்சியைக் கடந்திருப்பார்கள். அந்த வயதில் அவர்களிடம் எடுக்கும் அளவீடு, அதே வயது ஆண் பிள்ளைகளிடம் எடுப்பதைவிட நம்பகமானது.

துடுப்பின் பாரம், பாரம் இருக்கும் இடம்

இயக்கசக்தி திணிவோடு நேராகக் கூடும், வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். துடுப்பின் திணிவைப் பத்து வீதம் கூட்டினால் சக்தி பத்து வீதம் கூடும். வேகத்தைப் பத்து வீதம் கூட்டினால் 21 வீதம் கூடும். பாரமான துடுப்பால் அடித்தால் தூரம் போகும் என்பது, அதே வேகத்தில் சுழற்ற முடிந்தால் மட்டும் உண்மை. பேப் ரூத் காலத்தில் 40 அவுன்ஸைத் தாண்டிய துடுப்புகள் இருந்தன. இன்று மேஜர் லீக்கில் வழக்கம் 31, 32 அவுன்ஸ், ஏறத்தாழ 900 கிராம்.

மொத்தப் பாரத்தைவிட அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். கையிலிருந்து எட்டப் போகப் போகச் சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்ற விடாமல் துடுப்பு காட்டும் எதிர்ப்பு, தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். எந்தத் துடுப்பையும் தலைகீழாகப் பிடித்து ஒரு தரம் வீசிப் பார்த்தால் போதும். அதே பாரம்தான், ஆனால் பறக்கும்.

2025 மார்ச் 29 அன்று நியூயோர்க் யாங்கீஸ் மில்வோக்கிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஒன்பது ஹோம் ரன் அடித்தபோது எழுந்த "டோர்பிடோ துடுப்பு" ஆரவாரமும் இதைப் பற்றியதே. அவர்களில் சிலரின் துடுப்புகளில் மரத்தின் பருமனை நுனியிலிருந்து கொஞ்சம் உள்ளே, பந்து அதிகம் படும் இடத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். யோசனைக்குக் காரணமானவர் ஆரன் லீன்ஹார்ட், பௌதிகவியல் படித்துவிட்டுப் பேஸ்போலுக்கு வந்தவர். விதிகளுக்கு உட்பட்டதுதான். அன்று மூன்று ஹோம் ரன் அடித்த ஆரன் ஜட்ஜின் கையில் இருந்ததோ பழைய வடிவத் துடுப்பு.

வன்னிக்கு இதில் நேரடியான சேதி உண்டு. பாடசாலையில் இருப்பது ஒன்றிரண்டு துடுப்பு, அதுவும் பெரியவர்கள் அளவு. 35 கிலோப் பிள்ளையும் 55 கிலோப் பிள்ளையும் அதையே தூக்குகிறார்கள். சின்னவன் பாரத்தைத் தாங்க முடியாமல் தோளைச் சரித்து, முழங்கையை ஒட்டி, இழுத்துக்கொண்டு வருவான். பார்ப்பவர் "இவனுக்கு வேகம் இல்லை" என்று எழுதுவார். தெரிவுக்கு முன் குறைந்தது ஓர் இலேசான துடுப்பாவது தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் கைப்பிடியில் இரண்டு மூன்று அங்குலம் மேலே பிடிக்க விடலாம். எல்லேப் பொல்லுக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று: அடிக்கப் போகுமுன் துடுப்பில் பாரம் கட்டிச் சுழற்றிவிட்டுப் போவது. பிறகு துடுப்பு இலேசாகத் தோன்றும், ஆனால் அது மனசுக்குத்தான். அளந்து பார்த்த ஆய்வுகளில் அடுத்து வந்த வீச்சின் வேகம் கூடவில்லை, குறையவும் செய்தது.

கருவி இல்லாமல் அளப்பது

மேஜர் லீக் மைதானங்களில் இந்த வேலையை அதிவேகக் கமராக்கள் செய்கின்றன. நமக்கு ஒரு கைபேசி போதும். மெதுநகர்வுக் காணொளி செக்கனுக்கு 240 படம் எடுக்குமென்றால் ஒரு படம் 0.004 செக்கனுக்குக் கொஞ்சம் கூட.

1. எஸ்லோன் குழாய் ஒன்றை இடுப்பு உயரத்துக்கு நட்டு, மேல் நுனியில் சைக்கிள் ரியூப் துண்டு ஒன்றைச் செருகினால் பந்து வைக்கும் தாங்கி தயார். சரியாக ஐந்து மீற்றர் முன்னே பழைய மீன்வலையை இரட்டையாக மடித்துக் கட்டலாம். கைபேசி பக்கவாட்டில், தாங்கியும் வலையும் இரண்டும் தெரியும்படி, பந்து வராத தூரத்தில் இருக்க வேண்டும்.

2. பிள்ளை அடிக்கட்டும். துடுப்பு பந்தில் பட்ட படத்திலிருந்து பந்து வலையைத் தொட்ட படம்வரை எண்ணவும். 60 படம் என்றால் கால் செக்கன். ஐந்து மீற்றரைக் கால் செக்கனில் கடந்தால் மணிக்கு 72 கிலோமீற்றர். கடினப்பந்தும் மரத் துடுப்பும் என்றால் 1.2-ஆல் வகுக்கத் துடுப்பு வேகம் வரும், இங்கே 60. ரெனிஸ் பந்துக்கு அந்த 1.2 பொருந்தாது. ஆனால் எல்லாருக்கும் ஒரே பந்து, ஒரே பொல்லு என்றால் பிள்ளைகளை ஒப்பிடலாம். பத்து அடியில் மேலான மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளவும், மற்றவை பெரும்பாலும் சரியாகப் படாதவை.

3. அதே காணொளியில் துடுப்பு முன்னே அசையத் தொடங்கிய படத்திலிருந்து பந்தில் பட்ட படம்வரை எண்ணினால் வீச்சு நேரம். 36 படம் என்றால் 0.15 செக்கன், 48 என்றால் 0.2.

4. இப்போது தாங்கியை எடுத்துவிட்டு, பிள்ளையின் வயதுக்கு ஏற்ற வேகத்தில் ஒருவர் பந்தை எறியட்டும். எறிபவர் மறைப்பு வலைக்குப் பின்னால் நிற்க வேண்டும், அடிப்பவர் தலைக்கவசம் போட வேண்டும். புறப்படு வேகத்தை மறுபடி அளக்கவும்.

நாலாவதில்தான் விசயம் இருக்கிறது. கணக்குப்படி எறிந்த பந்து, தாங்கியில் வைத்த பந்தைவிட வேகமாகப் புறப்பட வேண்டும், வரும் பந்தின் வேகத்தில் ஐந்தில் ஒன்று சேருவதால். தாங்கியில் 108 எடுத்த பிள்ளைக்கு, மணிக்கு 60-இல் எறிந்தால் 120 வர வேண்டும். அவருக்கு 95 வந்தால் வலுவிலும் வேகத்திலும் குறையில்லை, நேரக் கணிப்பிலோ வீச்சின் நீளத்திலோ குறை. தாங்கியில் 84 மட்டும் எடுத்த இன்னொருவர் எறிந்த பந்தில் 94 எடுக்கிறார் என்று வைப்போம். இருவரும் ஆட்டத்தில் இன்று ஏறத்தாழ சமம். முதலாமவருக்குத் தேவை வீச்சைச் சுருக்கும் பயிற்சி. இரண்டாமவருக்குத் தேவை சாப்பாடும் காலமும்.

பதிவேட்டில் வேகத்தோடு பிறந்த திகதி, உயரம், உடற்பாரம், எந்தத் துடுப்பு என்ற நான்கையும் எழுதாவிட்டால் அடுத்த வருடம் அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ஆறு மாதத்துக்கு ஒருதரம் திரும்ப அளந்தால், ஐந்து சென்ரிமீற்றர் வளர்ந்து பத்துக் கிலோமீற்றர் கூட்டியவரும், வளராமலே பத்துக் கூட்டியவரும் வெவ்வேறாகத் தெரிவார்கள்.